நிறுத்தி வைத்த ஆர்.வி.யில் மின்சாரம்: கேஸ் இருந்தும் ஹீட்டர் ஏன் நின்றது?

அமெரிக்காவில் வேலை நிமித்தம் குடியேறிய நம் உறவினர்களில் சிலரிடம் ஒரு வழக்கத்தைக் காண்கிறோம். ஊரிலிருந்து பெற்றோர் வந்து சில மாதங்கள் தங்கும்போது, ஒரு வார விடுமுறையில் ஆர்.வி. ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு குடும்பமாகக் கிளம்பிவிடுகிறார்கள். ஆர்.வி. என்றால் வேறொன்றுமில்லை, நம் ஊரில் சினிமாக்காரர்கள் பயன்படுத்தும் கேரவன் போன்ற வீட்டு வண்டிதான். சிலவற்றை வண்டியாகவே ஓட்டலாம், சிலவற்றைக் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்ல வேண்டும். ஹலால் உணவை நாமே சமைத்துக்கொள்ளலாம், ஒளு செய்யத் தண்ணீர் உண்டு, தொழ இடம் உண்டு, முதியவர்களுக்குக் கழிவறை பக்கத்திலேயே உண்டு. குடும்பத்தோடு செல்பவர்களுக்கு உண்மையிலேயே வசதியான ஏற்பாடு.

சென்ற முறை நாம் அங்கே சென்றிருந்தபோது இப்படி ஒரு பயணத்தில் நாமும் இருந்தோம். அக்டோபர் கடைசி. அரிசோனா மாநிலத்தின் கிராண்ட் கேன்யன், தெற்கு விளிம்பு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். பகலில் இதமான வெயில், இரவில் தண்ணீர் உறையும் குளிர். மேதர் கேம்ப்கிரவுண்ட் என்ற முகாமில் வண்டியை நிறுத்தியிருந்தோம். அங்கே வண்டிகளுக்கு மின் இணைப்புக் கிடையாது.

இரவு மூன்று மணி இருக்கும். உறவினரின் தாயார் குளிரில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். வயது எழுபதைக் கடந்தவர், ஏற்கெனவே இளைப்பு உள்ளவர். ஹீட்டர் நின்று போயிருந்தது. எங்கிருந்தோ விட்டு விட்டு 'பீப்' சத்தம். மருமகன் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் கேஸ் சிலிண்டரைப் பார்த்தார், முக்கால்வாசி இருந்தது. கேஸ் இருக்கிறது, ஆனால் கேஸ் ஹீட்டர் எரியவில்லை. யாருக்கும் காரணம் புரியவில்லை. போதாக்குறைக்கு, அந்தச் சத்தம் தாங்காமல் சுவரின் அடியிலிருந்த ஒரு கருவியின் வயரைப் பிடுங்கப் போனார் ஒருவர். அது கேஸ் கசிவையும் கார்பன் மோனாக்சைடையும் எச்சரிக்கும் கருவி. நல்லவேளையாக அதற்குள் மற்றொருவர் தடுத்துவிட்டார்.

அன்று நடந்தது என்ன என்பதை விளங்கிக்கொண்டால், நிறுத்தி வைத்த ஆர்.வி.யில் மின்சாரம் எப்படி இயங்குகிறது என்பதில் பாதிக்கு மேல் விளங்கிவிடும். ஊரிலிருந்து இத்தகைய பயணம் செல்லவிருப்பவர்களுக்கும், அங்கே சொந்தமாக ஆர்.வி. வாங்கியிருக்கும் சகோதரர்களுக்கும் பயன்படும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

ஒரே வண்டியில் இரண்டு மின்சாரம்

ஆர்.வி.க்குள் இரண்டு வகை மின்சாரம் தனித்தனியாக ஓடுகிறது. ஒன்று 12 வோல்ட் டி.சி.; இது பேட்டரியிலிருந்து வருவது. விளக்குகள், தண்ணீர் பம்ப், ஹீட்டரின் மின்விசிறி, ஃபிரிட்ஜின் கட்டுப்பாட்டுப் பலகை, கேஸ் எச்சரிக்கைக் கருவி ஆகிய எல்லாம் இதில் இயங்குகின்றன. மற்றது 120 வோல்ட் ஏ.சி.; அமெரிக்க வீடுகளில் சுவர் பிளக்கில் வரும் மின்சாரம். ஏர்கண்டிஷனர், மைக்ரோவேவ், சுவர் பிளக்குகள் இதில் இயங்குகின்றன. முகாமில் மின் இணைப்பு இருந்தால், அல்லது ஜெனரேட்டர் ஓடினால் இது கிடைக்கும்.

இரண்டுக்கும் இடையே இரண்டு பெட்டிகள். 120 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது கன்வெர்ட்டர். 12 வோல்ட்டை 120 வோல்ட்டாக மாற்றுவது இன்வெர்ட்டர். நம் ஊர் வீடுகளில் இன்வெர்ட்டர் என்று நாம் சொல்லும் பெட்டி இந்த இரண்டு வேலையையும் சேர்த்தே செய்கிறது. ஆர்.வி.க்களில் பெரும்பாலும் இவை தனித்தனி. கன்வெர்ட்டர் எல்லா வண்டியிலும் இருக்கும், இன்வெர்ட்டர் எல்லாவற்றிலும் இருக்காது.

இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி வேறு, வீட்டுப் பகுதிக்கான பேட்டரி வேறு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஸ்டார்ட் பேட்டரி சில விநாடிகள் மட்டும் பெரும் மின்னோட்டம் தருவதற்காகச் செய்யப்பட்டது. வீட்டுப் பகுதி பேட்டரி, மணிக்கணக்கில் சிறிது சிறிதாகத் தருவதற்கானது. இதை டீப் சைக்கிள் பேட்டரி என்பார்கள்.

இனி அந்த இரவின் புதிருக்கு வருவோம். ஆர்.வி.யின் ஹீட்டர் கேஸில் எரிந்தாலும், அந்தச் சூட்டை அறைக்குள் தள்ளுவது மின்விசிறி. விசிறி போதிய வேகத்தில் சுற்றினால்தான் கேஸ் வால்வு திறக்கும். இது பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட அமைப்பு. பேட்டரி இறங்கிவிட்டால் விசிறி தளர்ந்துவிடும், வால்வு திறக்காது. சிலிண்டர் நிறைய கேஸ் இருந்தும் பயனில்லை. 'பீப்' சத்தமும் மின்னழுத்தம் குறைந்துவிட்டதை அந்தக் கருவி தெரிவித்த எச்சரிக்கைதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

நம் ஊரில் இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கும்போது 150 ஏ.ஹெச்., 200 ஏ.ஹெச். என்று கேட்டு வாங்குகிறோம் அல்லவா, அதே கணக்குத்தான் இங்கும். 100 ஏ.ஹெச். என்றால், 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் தரும் என்று பொருள். ஆனால் சாதாரண லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. அடிக்கடி எடுத்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். ஆகவே 100 என்று எழுதியிருந்தால் 50 என்றே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியானால் 80 முதல் முழுவதும் வரை எடுக்கலாம். எடையும் பாதிக்கும் குறைவு. விலை அதிகம். வாடகை வண்டிகளில் இன்னும் லெட் ஆசிட் பேட்டரிகளைத்தான் நாம் அதிகம் பார்க்கிறோம்.

எங்கள் வண்டியில் இரண்டு பேட்டரிகள், இரண்டும் சேர்த்துப் பெயரளவுக்கு 160 ஏ.ஹெச். காலையில் உட்கார்ந்து முந்தைய மாலையின் செலவை ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தோம்.

விளக்குகள் எட்டு, எல்லாம் எல்.இ.டி.; ஒன்றுக்குக் கால் ஆம்பியர், நான்கு மணி நேரம்: 8. தண்ணீர் பம்ப் ஓடும்போது 6 ஆம்பியர் இழுக்கும். ஏழு பேர் ஒளு செய்தோமே, அதுதான் பேட்டரியைத் தின்றிருக்குமோ என்று பெரியவர் சங்கடப்பட்டார். ஆனால் பம்ப் மொத்தமாக ஓடியது இருபது நிமிடம்கூட இருக்காது: 2. பிள்ளைகள் இன்வெர்ட்டர் மூலம் மூன்று மணி நேரம் டி.வி. பார்த்தார்கள்: 18. செல்போன்கள், ஒரு லேப்டாப்: 8.

பிறகு தேநீர். ஊரில் பழகிய கை, இரவு சும்மா இருக்காது. மின்சாரக் கெட்டிலில் நான்கு முறை தண்ணீர் கொதிக்க வைத்திருக்கிறார்கள். 1,000 வாட் கெட்டில், இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து சுமார் 95 ஆம்பியர் இழுக்கும். ஒரு லிட்டர் கொதிக்க ஆறு நிமிடம். நான்கு முறைக்கு 24 நிமிடம்: 38! மாலைச் செலவில் பாதி தேநீருக்கே போயிருக்கிறது. மூன்றடி தள்ளி கேஸ் அடுப்பு இருந்தது. அதில் கொதிக்க வைத்திருந்தால் பேட்டரியிலிருந்து ஒன்றும் செலவாகியிருக்காது.

இத்துடன் ஹீட்டரின் விசிறி. ஓடும்போது 7 முதல் 8 ஆம்பியர். இரவு பத்து மணி முதல் மூன்று வரை, பாதி நேரம் ஓடியது என்று வைத்தாலும் 19. ஆக மொத்தம் 93. எடுக்கத் தகுந்த 80-ஐத் தாண்டிவிட்டோம். அப்படியானாலும் 160-இல் 93 போனால் மீதி இருக்க வேண்டுமே என்று கேட்கலாம். வாடகை வண்டியின் பழைய பேட்டரி பெயரளவுக்குத்தான் 160. அதோடு, ஒரேயடியாக 95 ஆம்பியர் இழுக்கும்போது லெட் ஆசிட் பேட்டரி தன் முழுக் கொள்ளளவைத் தராது. மெதுவாக எடுப்பவருக்கு அதிகம் தரும், அவசரமாக எடுப்பவருக்குக் குறைத்தே தரும்.

இதிலிருந்து ஒரு நல்ல வழிகாட்டுதல் கிடைக்கிறது. சூடாக்கும் எதையும், அதாவது கெட்டில், ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டி, டோஸ்டர், மின்சார ஹீட்டர் ஆகியவற்றைப் பேட்டரியில் போடக் கூடாது. விளக்கையும் தண்ணீரையும் நினைத்துக் கவலைப்படத் தேவையில்லை. நோன்புக் காலத்தில் ஸஹர் உணவைச் சூடாக்க மைக்ரோவேவைத் தேடுவோம். 1,000 வாட் என்று எழுதியிருக்கும் மைக்ரோவேவ் உண்மையில் 1,500 வாட் வரை எடுக்கும். அடுப்பில் சூடு செய்வதே மேல். ஏர்கண்டிஷனரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஓடும்போது 1,500 வாட் அளவில், தொடங்கும் கணத்தில் அதைவிடப் பல மடங்கு. சாதாரண ஆர்.வி. பேட்டரி அதற்கானது அல்ல.

ஃபிரிட்ஜ் பற்றி ஒரு வார்த்தை. கேஸில் இயங்கும் ஃபிரிட்ஜ் பேட்டரியிலிருந்து மிகக் குறைவாகவே எடுக்கும். ஆனால் வண்டி ஓரளவு மட்டமாக நிற்க வேண்டும், சாய்வாக நின்றால் குளிராது, பழுதும் ஆகும். புதிய வண்டிகளில் 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் வருகிறது. இது ஒரு நாளைக்கு 50, 60 ஏ.ஹெச். வரை கேட்கும். வாடகைக்கு எடுக்கும்போது இரண்டில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இன்சுலின் வைக்கும் வீட்டாருக்கு இது அவசியமான கேள்வி. தூக்கத்தில் மூச்சுக்கு சி-பேப் கருவி வைப்பவர்கள், இன்வெர்ட்டர் வழியாக அல்லாமல் நேரடியாக 12 வோல்ட்டில் இயங்கும் அடாப்டரை வாங்கிக்கொண்டு, ஈரப்பதம் தரும் சூடாக்கியை அணைத்துவிட்டால் ஒரு பேட்டரியில் இரவு முழுவதும் ஓட்ட முடியும். சூடாக்கியோடு ஓட்டினால் செலவு இரண்டு மடங்கைத் தாண்டும்.

பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது?

பெரும்பாலான வண்டிகளில் நான்கு சிறு விளக்குகள் உள்ள ஒரு பலகை இருக்கும். பொத்தானை அழுத்தினால் பேட்டரி நிலையைக் காட்டும். இதை நம்ப வேண்டாம் என்பதே நம் கருத்து. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது அழுத்தினால் பழுதான பேட்டரியும் 'நிறைந்தது' என்றே காட்டும்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். பேட்டரியிலிருந்து எதுவும் எடுக்காமல், எதுவும் ஏற்றாமல் சில மணி நேரம் விட்டுப் பிறகு அளக்க வேண்டும். லெட் ஆசிட் பேட்டரி 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. இங்கே நிறுத்திவிட வேண்டும். 12.0 என்றால் கால்வாசிதான் மீதம். நிறைவுக்கும் பாதிக்கும் இடையே அரை வோல்ட்தான் வித்தியாசம் என்பதைக் கவனியுங்கள். முள் காட்டும் மீட்டரில் இது தெரியாது, எண் காட்டும் மீட்டர் வேண்டும்.

லித்தியம் பேட்டரிக்கு இந்த முறை உதவாது. அது நிறைவிலிருந்து வெகு தூரம் இறங்கும்வரை ஏறத்தாழ ஒரே மின்னழுத்தத்தைக் காட்டிவிட்டு, கடைசியில் சட்டென்று விழும். அதற்கு, உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணிக் கணக்கு வைக்கும் ஷண்ட் மானிட்டர் தேவை. சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் எந்த வகைப் பேட்டரியானாலும் இதைப் பொருத்திக்கொள்வது நல்லது.

திரும்ப ஏற்றுவது

எடுப்பது எளிது, ஏற்றுவது தாமதம். 24 நிமிடத்தில் தேநீருக்காக எடுத்த 38-ஐத் திரும்ப வைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஜெனரேட்டர் ஓட வேண்டும்.

முதல் வழி, முகாமின் மின் இணைப்பு. ஒரு கம்பத்தில் 20, 30, 50 ஆம்பியர் என்று பிளக்குகள் இருக்கும். 30 ஆம்பியர் வண்டிக்கு மொத்தம் 3,600 வாட்தான் வரம்பு. ஏர்கண்டிஷனர் 1,500, மைக்ரோவேவ் 1,500, கெட்டில் 1,000. மூன்றும் ஒன்றாக ஓடினால் பிரேக்கர் விழும். 50 ஆம்பியர் என்பது இரண்டு தனி இழைகளாக வருவதால் 12,000 வாட் வரை தரும். கம்பத்தில் செருகுமுன் அதன் பிரேக்கரை அணைத்துவிட்டுச் செருகி, பிறகு போட வேண்டும். கழற்றும்போதும் முதலில் அணைக்க வேண்டும். கம்பத்தின் வயரிங் தவறாக இருந்தால் வண்டியின் இரும்பு உடலே ஷாக் அடிக்கும். வாசல் படியில் வெறுங்காலுடன் நின்று கைப்பிடியைத் தொடும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், வயரிங்கைச் சோதித்துக் காட்டும் சர்ஜ் புரொடெக்டர் ஒன்று அவசியம்.

இரண்டாவது, வீட்டு வாசலில் நிறுத்தி வீட்டிலிருந்து இழுப்பது. சாதாரண 15 ஆம்பியர் பிளக் பேட்டரி ஏற்றவும் விளக்குக்கும் தாராளமாகப் போதும், ஏர்கண்டிஷனருக்குப் போதாது. மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் இழுத்தால் வயர் சூடாகிப் பிளக் உருகும்; தடித்த வயரே வேண்டும். சிலர் வீட்டிலேயே 30 ஆம்பியர் பிளக் அமைக்க எலெக்ட்ரீஷியனை அழைப்பார்கள். அமெரிக்க வீடுகளில் துணி உலர்த்தும் எந்திரத்துக்கும் 30 ஆம்பியர் பிளக் உண்டு, அது 240 வோல்ட். ஆர்.வி.யின் 30 ஆம்பியர் பிளக் 120 வோல்ட். ஆர்.வி. பழக்கம் இல்லாத எலெக்ட்ரீஷியன் அதே நினைப்பில் 240 கொடுத்துவிட்டால், செருகிய மறுகணம் உள்ளேயுள்ள மைக்ரோவேவ், கன்வெர்ட்டர் எல்லாம் எரிந்துவிடும். 120 வோல்ட் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். செருகுமுன் மீட்டரால் அளந்தும் பாருங்கள்.

மூன்றாவது ஜெனரேட்டர். கையில் தூக்கும் சிறு ஜெனரேட்டர்களில் '12 வோல்ட்' என்று ஒரு தனி வாய் இருக்கும். பேட்டரிக்கு அதுதான் பொருத்தம் என்று நினைத்து அதில் இணைத்துவிடுகிறார்கள். அது பெரும்பாலும் 8 ஆம்பியர் அளவில்தான் தரும். மாறாக வண்டியின் மின் வயரையே ஜெனரேட்டரின் 120 வோல்ட் பிளக்கில் செருகினால், வண்டியின் கன்வெர்ட்டர் 45, 55 ஆம்பியர் திறனில் ஏற்றத் தொடங்கும்.

ஆனால் அந்த வேகம் கடைசிவரை நீடிக்காது. லெட் ஆசிட் பேட்டரி எண்பது சதவீதம் வரை விரைவாக வாங்கிக்கொள்ளும். கடைசி இருபது சதவீதத்துக்குப் பல மணி நேரம் எடுக்கும். அந்தக் கடைசிப் பகுதிக்காக ஜெனரேட்டரை ஓட்டுவது பெட்ரோலை வீணாக்குவது. காலையில் ஒன்றிரண்டு மணி நேரம் ஜெனரேட்டர், மீதியைப் பகல் முழுவதும் சோலார் என்று பிரித்துக்கொள்பவர்களே கெட்டிக்காரர்கள். முழுவதும் நிறையாமலே நாள் கணக்கில் ஓட்டினால் தகடுகளில் சல்பேட் படிந்து பேட்டரி கெட்டுவிடும். ஆகவே சில நாட்களுக்கு ஒருமுறையாவது மின் இணைப்புள்ள இடத்தில் ஓர் இரவு தங்கி முழுவதும் ஏற்றிவிட வேண்டும்.

தேசியப் பூங்காக்களில் பொதுவாக இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். பல முகாம்களில் பகலிலும் குறித்த சில மணி நேரம் மட்டுமே ஜெனரேட்டருக்கு அனுமதி. அதை வைத்தே நாளைத் திட்டமிட வேண்டும்.

ஓட்டும் வகை ஆர்.வி.க்களில் வண்டிக்குள்ளேயே ஜெனரேட்டர் இருக்கும். இதிலும் இரண்டு விஷயங்கள் பலருக்குத் தெரிவதில்லை. ஒன்று, அது ஸ்டார்ட் ஆவதும் பெரும்பாலும் அதே வீட்டுப் பகுதி பேட்டரியால்தான். பேட்டரி இறங்கிவிட்டால் அதைக் காப்பாற்ற வேண்டிய ஜெனரேட்டரும் கிளம்பாது. அதற்காகவே டேஷ்போர்டில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்திப் பிடித்தால் இன்ஜின் பேட்டரியும் வீட்டுப் பேட்டரியும் தற்காலிகமாக இணையும். இரண்டு, வண்டியின் பெட்ரோல் டேங்க் ஏறத்தாழ கால்வாசிக்கு இறங்கினால் இந்த ஜெனரேட்டர் தானே நின்றுவிடும். காட்டில் மாட்டிக்கொள்ளாமல் வண்டி திரும்பி வருவதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

அன்று இரவு நாங்கள் செய்தது இன்ஜினை ஓட்டியதுதான். வேறு வழியிருக்கவில்லை. அக்கம்பக்கத்தினர் உறங்கும் நேரம்; மனம் கூசியது. முதியவரை நினைத்து இருபது நிமிடம் ஓட்டினோம். ஹீட்டர் மீண்டும் எரிந்தது. விடிந்ததும் மருமகன் பக்கத்து வண்டிக்காரரிடம் போய் வருத்தம் தெரிவித்தார். அந்த அமெரிக்கர் சிரித்துவிட்டு, தங்களுக்கும் முதல் பயணத்தில் இதுவே நடந்ததாகச் சொன்னார்.

சோலார் பலகை 100 வாட் என்றால், கோடையில் நல்ல வெயில் நாளில் 25 முதல் 30 ஏ.ஹெச். தரும் என்று வைத்துக்கொள்ளலாம். குளிர்காலத்தில் அதில் பாதியைக்கூட எதிர்பார்க்க முடியாது. பலகையின் ஒரு மூலையில் மரக்கிளையின் நிழல் விழுந்தாலும் உற்பத்தி வெகுவாகக் குறையும். நிழல் தேடி வண்டியை நிறுத்துவது நமக்கு இயல்பு. சோலாரை நம்பியிருப்பவர் வெயிலில்தான் நிறுத்த வேண்டும்.

காரின் பின்னால் இழுக்கும் வண்டியில் ஓடும்போதே பேட்டரி நிறைந்துவிடும் என்ற எண்ணமும் சரியல்ல. கார் இணைப்பின் மெல்லிய கம்பி வழியே வருவது சொற்பம். லித்தியம் பேட்டரி மாற்றியவர்கள் இடையில் டி.சி.-டி.சி. சார்ஜர் பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் அது கேட்கும் மின்னோட்டத்தைக் கொடுத்தே ஆல்டர்னேட்டர் சூடாகிப் பழுதாகலாம். லித்தியத்தில் இன்னொரு நிபந்தனையும் உண்டு: பேட்டரியின் வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றக் கூடாது, உள்ளே நிரந்தரச் சேதம் ஏற்படும். குளிர் பிரதேசத்துக்குச் செல்பவர்கள் தானே சூடேற்றிக்கொள்ளும் வகையை வாங்குகிறார்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்

இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பேட்டரி போனால் வேறு வாங்கலாம். கார்பன் மோனாக்சைடு நிறமும் வாசமும் இல்லாத வாயு. உறக்கத்தில் இருப்பவர் உறக்கத்திலேயே இறந்துபோவார். ஜெனரேட்டரைக் கதவு, ஜன்னல்களிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகை வண்டிக்கு எதிர்த் திசையில் போகும்படி வைக்க வேண்டும். மழை என்று அதை வண்டிக்கு அடியிலோ கூடாரத்துக்குள்ளோ வைக்கவே கூடாது. உள்ளேயுள்ள ஜெனரேட்டரை ஓடவிட்டு உறங்கக் கூடாது. அன்று இன்ஜினை ஓட்டிய இருபது நிமிடமும் எல்லோரும் விழித்தேதான் இருந்தோம்.

ஹீட்டர் நின்றுவிட்டால் அடுத்ததாக மனம் போவது கேஸ் அடுப்பை ஏற்றிக் குளிர் காய்வதில். அன்றும் அந்த யோசனை வந்தது. ஜன்னல் மூடிய சிறு அறையில் அடுப்பைத் தொடர்ந்து எரிப்பதும், கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவதும் அதே ஆபத்துதான். கூடுதல் கம்பளிகளும் வெந்நீர்ப் பைகளுமே சரியான மாற்று.

எச்சரிக்கைக் கருவி கத்தினால் அதன் வயரைப் பிடுங்காமல், முதலில் எல்லோரும் வெளியே வந்து, பிறகு காரணத்தைத் தேட வேண்டும். பேட்டரி குறைவுக்கான 'பீப்' வேறு, வாயு எச்சரிக்கையின் தொடர் அலறல் வேறு. வண்டியை வாங்கும்போதே பொத்தானை அழுத்தி அந்தச் சத்தத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கருவிகளுக்கும் ஆயுள் உண்டு. மாற்ற வேண்டிய தேதி அதன் பின்புறத்தில் இருக்கும்.

மாதக்கணக்கில் நிறுத்தும்போது

சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் வருடத்தில் பெரும்பகுதி அதை நிறுத்தியே வைக்கிறார்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டதாக நினைத்தாலும் கேஸ் எச்சரிக்கைக் கருவி, ரேடியோவின் நினைவகம் போன்றவை அரை ஆம்பியர் அளவில் எடுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 12 ஏ.ஹெச்.; 100 ஏ.ஹெச். பேட்டரி நான்கு நாளில் பாதி, எட்டு நாளில் காலி. பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் இதற்காகவே உள்ளது.

அந்த சுவிட்சிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பல வண்டிகளில் அதை அணைத்துவிட்டால் கன்வெர்ட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் வழியும் துண்டிக்கப்பட்டுவிடும். நமக்குத் தெரிந்த ஒரு சகோதரர் குளிர்காலம் முழுவதும் வண்டியை வீட்டு மின்சாரத்தில் செருகியே வைத்திருந்தார்; சுவிட்ச் அணைந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்ததால் எல்லாம் சரி என்று இருந்துவிட்டார். விளக்குக்குக் கன்வெர்ட்டரிலிருந்து மின்சாரம் வந்தது, பேட்டரிக்கு எதுவும் போகவில்லை. வசந்தத்தில் பார்த்தபோது பேட்டரி உறைந்து வெடித்திருந்தது. நிறைந்த லெட் ஆசிட் பேட்டரி கடுங்குளிரிலும் உறையாது. தீர்ந்துபோனதோ உறைநிலைக்குச் சில டிகிரி கீழேயே உறைந்துவிடும்.

தண்ணீர் ஊற்றும் வகையானால் மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்து, டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். தகடு வெளியே தெரியாத வரை, முழுவதும் சார்ஜ் ஏறிய பிறகு ஊற்றுவதே முறை. ஏற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும், பக்கத்தில் தீப்பொறி கூடாது.

இழுத்துச் செல்லும் வண்டி வைத்திருப்பவர்கள் கிளம்பும் முன் பேட்டரியை அளப்பதற்கு விளக்கைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஓடும்போது வண்டி காரிலிருந்து கழன்றுவிட்டால், ஒரு கம்பி இழுபட்டு, வண்டியின் சக்கரங்களில் உள்ள மின்சார பிரேக்கைத் தானாகப் போடும். அந்த பிரேக்குக்கு மின்சாரம் தருவது வண்டியின் இதே பேட்டரிதான்.

எங்கள் உறவினர் மறுநாள் பகலில் பக்கத்திலேயே உள்ள டிரெய்லர் வில்லேஜ் என்ற முகாமில் இடம் கேட்டுப் பார்த்தார். அங்கே ஒவ்வொரு வண்டிக்கும் மின் இணைப்பு உண்டு. ஒருவர் முன்பதிவை ரத்து செய்திருந்ததால் இரண்டு இரவுக்கு இடம் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். பெற்றோருடன் குளிர்காலத்தில் செல்பவர்கள் முன்பதிவு செய்யும்போதே மின் இணைப்புள்ள இடத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள். சில மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டியிருக்கும். மின்சாரக் கெட்டிலை அங்கே தாராளமாகப் பயன்படுத்தலாம். பெரியம்மா மட்டும் கடைசிவரை அடுப்பில்தான் தேநீர் போட்டார்.